சித்தாண்டியில் மட்டும் தட்டிய எஞ்சின்

பொடியன்கள் உருட்டி விளையாடுகிற கண்ணாடிப் போளை ஒன்று மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் விழுந்துவிட்டால், அது உள்ளேயே பதுங்கியிருந்து, தனக்குப் பிடித்த ஊர் வரும்போது மட்டும் வெளியே விடச்சொல்லித் தட்டும் என்று நான் நம்பியிருந்தேன். பத்து வயதில் நம்பினேன் என்று சொன்னால் நீங்கள் சிரித்துவிட்டு மன்னித்துவிடுவீர்கள். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நம்பிக்கையில் பாதிக்கு மேல் போன வருஷம் வரைக்கும் என்னிடம் பத்திரமாக இருந்தது. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் அதிபர் கதை கட்டுரை படிக்கிற ஆள் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிள் என் சின்ன மாமாவுடையது. அம்மாவின் கடைசித் தம்பி. செங்கலடியில் எங்களோடுதான் இருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அதுவரைக்கும் அக்கா வீட்டில் சாப்பாடு. "உன்ட மாமனுக்கு ரெண்டு வீடு. ஒண்டு அக்காட, மத்தது வரப்போறவட. அவனுக்கெண்டு சொந்தமா இரிக்கிறது இடையில கிடக்கிற றோட்டு மட்டும்தான்" என்று அப்பா சொல்லுவார். மாமா அந்த றோட்டில் ஓடுவதற்கு ஒரு வாகனம் தேடினதில் என்ன பிழை?

வெள்ளைக்காரன் காலத்து வண்டி அது. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரின் கோழிக்கூட்டுக்குள் கிடந்தது. சீற்றின் மேல் ஒரு பேடு அடைகாத்துக்கொண்டிருந்ததால், குஞ்சு பொரிக்கும் வரைக்கும் பொறுத்திருந்துதான் எடுத்து வந்தோம். மாமா கிணற்று மோட்டர், தையல் மெசின், வானொலி எல்லாம் திருத்துவார். அந்த அளவையாளரின் கிணற்று மோட்டரைத் திருத்திக் கொடுத்துத்தான் வண்டியை வாங்கினார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எங்கள் வீட்டில் சமையல் ஒழுங்காக நடக்கவில்லை. இடியப்பத் தட்டில் கியர்ப் பல்லுகள் காய்ந்தன. அரிசி அரிக்கிற சட்டியில் மண்ணெண்ணெய் மணத்தது. அம்மா ஒருநாள் புட்டுக்குழலைத் தேடிப் பின்வளவுக் கொட்டிலுக்குப் போனா. மாமா அதற்குள் ஒரு கம்பியைச் சுற்றி எண்ணெயில் ஊறப்போட்டிருந்தார்.

"தம்பி, இது என்ன கறிடா?"

"ஸ்பிறிங் அக்கா. மூடி வையுங்க, தூசி விழும்."

எனக்குத் தரப்பட்ட வேலை, கழற்றின ஆணிகளையும் நட்டுகளையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பழைய பால்மாத் தகரப் பேணிகளில் இனம் இனமாகப் போட்டு வைப்பது. என் போளைகளும் அதேமாதிரி ஒரு பால்மாப் பேணியில்தான் இருந்தன. எஞ்சினைப் பூட்டுகிற நாள், உள்வயிறு திறந்து கிடக்க, மாமா கையை நீட்டினார்.

"டேய், அந்தப் பேணிய எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவர் கையில் கொட்டிப் பார்த்தார். "இது என்னடா? உன்ட போளை!" என்று திரும்ப அள்ளிப் போட்டுவிட்டுச் சரியான பேணியைத் தானே எடுத்துக்கொண்டார். எஞ்சின் பூட்டப்பட்டது. அன்றைக்குப் பின்னேரம் போளைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்று இல்லை. இல்லாதது நீலப் போளை, என்னிடம் இருந்ததிலேயே பெரியது.

கொட்டில் முழுக்கத் தேடினேன். மண்ணைக் கிளறினேன். மாமாவின் செருப்பைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தேன். பிறகு மெல்லத் திரும்பி எஞ்சினைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமா எட்டு மாத வேலையைத் திரும்பக் கழற்றுவார். கழற்றினால் அம்மா இடியப்பத் தட்டாலேயே எங்கள் இரண்டு பேரையும் அடிப்பா. நான் வாயை மூடிக்கொண்டேன். ஒருவேளை மெசினுக்குள் போளை இருந்தால் நல்லதோ என்னவோ என்றுகூட யோசித்தேன். இவ்வளவு பெரிய வண்டிக்குள் எத்தனையோ உருண்டைகள் இருந்தன. ஒன்று கூடினால் என்ன?

முதல் உதையிலேயே எஞ்சின் உயிர்த்தது. ஒழுங்கையில் இருந்த அத்தனை வீட்டுச் சனமும் கூடி நின்று பார்த்தது. ஒரு சத்தமும் இல்லை. நான் முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டு இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

புதுப் பிஸ்டன் பழகும் வரைக்கும் வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும், அதுவும் தொடர்ந்து ஓட்ட வேண்டும் என்று மாமா சொன்னார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்பட்டார். வந்தாறுமூலை தாண்டி, மாவடிவேம்பு தாண்டி, சித்தாண்டிக் கோயிலடிக்கு வரும்வரைக்கும் எஞ்சின் தாலாட்டுப் போல இருந்தது. அங்கே ஒரு உள்ளொழுங்கைக்குள் திருப்பினோம். ஐம்பது யார் தூரம் போயிருப்போம். டக். டக்டக். டக்டக்டக்.

நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, என்ன சத்தம் அது?"

"பொறுடா" என்று மாமா வண்டியை நிறுத்தினார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. நின்ற இடம் ஒரு வீட்டின் கடப்படி, வேலியில் விட்ட வாசல். வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு. கிணற்றடியில் ஒரு அக்கா வாளியும் கையுமாக எங்களையே பார்த்துக்கொண்டு நின்றா.

"என்ன, நிண்டு போச்சா?" என்றா.

"நிக்கல்ல. நான்தான் நிப்பாட்டின. எஞ்சின் சூடாகிட்டு. கொஞ்சம் தண்ணி தாறீங்களா?"

"குடிக்கவா, ஊத்தவா?"

மாமா தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "ரெண்டுக்கும்" என்றார்.

அந்த அக்கா தண்ணீர் கொண்டுவந்து தந்தா. மாமா பாதியைக் குடித்தார், மீதியை எஞ்சினில் ஊற்றினார். அது ஸ்ஸ் என்று ஆவி விட்டது. போளைக்குச் சூடு பட்டு அழுகிறது என்று நினைத்தேன். ஒரு மணிநேரம் ஆறவிட்டுப் புறப்பட்டோம். வீடு வரைக்கும் சத்தம் இல்லை.

கிழமை முழுவதும் மாமா வண்டியைச் செங்கலடிச் சந்திக்கும் ஏறாவூருக்கும் ஓட்டினார். சத்தம் இல்லை. அடுத்த வெள்ளி திரும்பவும் சித்தாண்டி. கோயிலடி தாண்டியதும் டக்டக். அதே கடப்படி. அதே கிணறு.

இந்தமுறை மாமா ஆயத்தமாக வந்திருந்தார். மரப்பிடி போட்ட நீளமான திருகாணிச் சாவி ஒன்றை எடுத்து, நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வால்வா இரிக்கலாம்" என்றார்.

"அப்பிடிக் கேட்டா விளங்குமா?" என்றா அந்த அக்கா.

"நல்லா விளங்கும். கேட்டுப் பாக்கப் போறீங்களா?"

அந்த அக்கா வேலிக்கு வெளியே வந்து, சாவியின் பிடியில் காதை வைத்துக் கேட்டா. "ஓம், கேக்குது" என்றா. "என்ன கேக்குது?" என்றார் மாமா. "டக்டக் எண்டு கேக்குது" என்றா. பிறகு மாமா கேட்டார். பிறகு அவ கேட்டா. எஞ்சினை நிறுத்தி அப்போது அரை மணிநேரம் ஆகியிருந்தது. நின்றுபோன எஞ்சினில் இரண்டு பேரும் மாறி மாறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்குப் படவே இல்லை. நிறுத்தின பிறகும் தட்டுகிறதென்றால் போளை எவ்வளவு கோபத்தில் இருக்கிறது என்றுதான் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து நானே ஒரு வைத்தியரைப் பிடித்தேன். அடுத்த வளவில் வாவியில் வலை போடுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். தோணியில் இருந்தபடி துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து, எங்கள் வாவியில் பாடும் என்று சொல்லுகிற மீன் கீழே பாடுகிறதா என்று கேட்கக்கூடியவர். அப்படிப்பட்ட காதுக்கு ஒரு போளை எம்மாத்திரம்? துடுப்போடு கூட்டிக்கொண்டு வந்தேன். மாமா எஞ்சினை ஓடவிட்டுக் கொடுத்தார். அண்ணன் துடுப்பின் அகன்ற பக்கத்தை எஞ்சினில் முட்டுக்கொடுத்து, தடியின் நுனியைக் காதில் வைத்து, கொட்டிலின் அந்தக் கோடியில் நின்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல. உள்ளுக்கு நல்ல சுகமா இரிக்கி."

"வடிவாக் கேட்டயளா அண்ணன்? அழுகிற மாதிரி?"

"ஏன்டா, எஞ்சினுக்குள்ள ஆரும் பிள்ள பெத்துப் போட்டிரிக்காங்களா?"

மாமா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தவனுக்கு டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகுமே, அந்த மாதிரி இது கள்ளப் போளை என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு என் பயம் வளர்ந்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதை வருகிறது. போளை ஒருநாள் பிஸ்டனுக்குள் மாட்டும். சக்கரம் இறுகும். மாமா பறந்து போய்ப் பஸ்ஸுக்கு முன்னால் விழுவார். செத்த வீட்டில் எல்லோரும் அழும்போது நான் மட்டும் அழக்கூடாது, அழுதால் பொலிஸ்காரருக்குச் சந்தேகம் வரும். இவ்வளவையும் யோசித்த எனக்கு, பின் சீற்றில் இருப்பவன் நான், மாமாவோடு நானும்தான் பறப்பேன் என்பது மூன்றாவது வெள்ளிக்கிழமைதான் விளங்கியது. அன்றிலிருந்து முருகனோடு பேரம் பேசத் தொடங்கினேன். முதலில் ஒரு தேங்காய். பிறகு மூன்று. சத்தம் நிற்காததால் மொட்டை போடுவதாக ஒத்துக்கொண்டேன். அதற்கும் அசையாததால் மாமாவின் தலையையும் சேர்த்துக் கொடுத்தேன். மாமா அப்போது தலைமயிரைக் காதை மூடி வளர்த்து, மணித்தியாலத்துக்கு ஒருமுறை சீப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது வெள்ளி மாமா "பிஸ்டன் ஆணியா இரிக்கும்" என்றார். நாலாவது வெள்ளி "சங்கிலி" என்று சொல்ல வாயெடுத்தபோது, அந்த வீட்டுக்குள் இருந்து ஒரு ஆள் வெளியே வந்தார். அந்த அக்காவின் தகப்பன். வட்டையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே வயல் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. தோளில் மண்வெட்டி. எங்கள் வண்டியைப் பார்த்தார், மாமாவின் சீவின தலையைப் பார்த்தார், கிணற்றடியில் தன் மகளைப் பார்த்தார்.

"தம்பி, உங்கட மோட்டச்சைக்கிளுக்குப் பழுதாகுறதுக்கு எங்கட கடப்படிய விட்டா வேற எடம் தெரியாதா?"

"இல்ல ஐயா... வந்து..."

"நாலு வெள்ளியா நானும் கேள்விப்படுறன். ஒழுங்கையில பதினெட்டு வீடு இரிக்கி. மத்த வீட்டுக் கிணத்தில தண்ணி இல்லயா?"

"எஞ்சின்ல ஒரு கோளாறு ஐயா. உள்ளுக்குள்ள..."

"உள்ளுக்குள்ள என்ன?"

மாமா வாயைத் திறந்தார். எந்த இயந்திரத்தின் எந்த நோய்க்கும் பெயர் சொல்லக்கூடிய மாமா, அன்றைக்கு ஒரு பெயரும் கிடைக்காமல் நின்றார். அந்த ஆள் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி நிலத்தில் ஊன்றினார். அவருடைய மகள் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றா.

என் குற்றத்துக்காக மாமா மண்வெட்டி அடி வாங்கப் போகிறார். என்னால் தாங்க முடியவில்லை.

"போளை!" என்று கத்தினேன். "என்ட போளை! நான்தான் போட்ட! எஞ்சினுக்குள்ள போளை இரிக்கி!"

அதற்குமேல் அழுகைதான் வந்தது. மூக்கால், வாயால், காதாலும் வந்திருக்கும். நான் மண்ணில் இருந்து காலை உதைத்து அழுதேன். பேணி, மாமாவின் கை, நீலம், எட்டு மாதம் என்று துண்டு துண்டாகச் சொன்னேன்.

அந்த ஆளின் முகம் இளகிவிட்டது. மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"அழாத மனே. இதுக்கா இப்பிடி அழுறாய்? புள்ள, இவனுக்கு என்னவும் தின்னக் குடு."

மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்திலோ, கரண்ட் போய் வந்த வீட்டில் எல்லா லைற்றும் ஒன்றாக எரிகிற மாதிரி ஒரு வெளிச்சம்.

"அக்காட மகன் ஐயா. சின்னப் பொடியன், ஏசவும் ஏலா" என்றார். "அதான் நானும் வெளியில சொல்லாம இரிந்த."

"இனி என்ன செய்யிற? கழட்டுறயளா?"

"கழட்டத் தேவல்ல. ஓட ஓடத் தேஞ்சு போயிரும். மெதுவா ஓடோணும். அவ்வளவுதான்."

"எத்தின நாள் செல்லும்?"

மாமா கிணற்றடிப் பக்கம் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு அஞ்சாறு வெள்ளி செல்லும் ஐயா" என்றார்.

அந்த அக்கா எனக்குக் கொக்கிசுப் பலகாரமும் வாழைப்பழமும் கொண்டுவந்து தந்தா. திரும்பி வரும்போது மாமா வந்தாறுமூலையில் நிறுத்தி ஐஸ்பழம் வாங்கித் தந்தார், அதுவும் இரண்டு. தூக்கில் போடுகிற ஆளுக்கு முதல்நாள் கேட்டதெல்லாம் கொடுப்பார்களாம் என்று எங்கள் வகுப்பில் ஒருவன் சொல்லியிருந்தான். அந்த ஐஸ்பழத்தை எவ்வளவு மெதுவாகச் சாப்பிட முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டேன்.

இனி என்னைக் காப்பாற்ற ஒரு ஆள்தான் இருந்தார். ஏறாவூரில் நெல்லுக் குத்துகிற மில் வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். அங்கே மூத்தவர்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மில் எஞ்சினும் எங்கள் வண்டி வயதுதான். முன்கடையில் இருந்து ஆட்களோடு பேசிக்கொண்டே, பின்னால் ஓடுகிற எஞ்சினுக்கு ஒயில் காணாது என்று சத்தத்தில் கண்டுபிடிப்பார். சனிக்கிழமை அம்மா நெல்லுக் குத்தப் போனபோது நானும் தொற்றிக்கொண்டு போனேன். அம்மா தவிடு புடைக்கிற பக்கம் நின்ற நேரம் பார்த்து, காக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, டொக்டர் மாதிரிக் கேள்வி கேட்டார்.

"செங்கலடியில தட்டுதா மகன்?"

"இல்ல."

"இஞ்ச ஏறாவூருக்கு வரக்குள்ள?"

"இல்ல காக்கா. சித்தாண்டிக் கோயிலடி தாண்டினாத்தான் தட்டும்."

"திரும்பி வரக்குள்ள?"

"தட்டாது."

காக்கா தாடியைத் தடவினார். "நிப்பாட்டி என்ன செய்யிற?"

"கிணத்தில தண்ணி வாங்கி எஞ்சினுக்கு ஊத்துற."

"அது காத்துல ஆறுற எஞ்சினாச்சே. அதுக்கு எதுக்குத் தண்ணி?" என்றார் காக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "தண்ணி அள்ளித் தாற ஆரு மகன்?"

"ஒரு அக்கா."

காக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவருடைய வயிறு மட்டும் குலுங்கியது. பிறகு எழும்பி நேராக அம்மாவிடம் போனார். மில் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காக்கா சொல்லிக்கொண்டிருக்க, அம்மாவின் கை மெல்ல மேலே போய் வாயைப் பொத்துவது மட்டும் தெரிந்தது. எஞ்சின் பிழைக்காது என்று சொல்லியிருக்கிறார், வேறு என்ன? வீட்டுக்கு வரும் வழியில் அம்மா இரண்டு மூன்று முறை தனக்குத்தானே சிரித்தா. பைத்தியம் பிடித்துவிட்டது என்று அந்தக் கணக்கையும் என் தலையில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வண்டியை வெளியே எடுத்தபோது அம்மா வெளியே போகக் கட்டுகிற சேலையோடு வந்து நின்றா. கையில் வெற்றிலைப் பை.

"நானும் வாறன்."

"அக்கா, மூணு பேர் ஏறினா எஞ்சின் இழுக்காது."

"இழுக்காட்டி நிப்பாட்டி ஆறவிடுவம். அங்கால தண்ணி கிடைக்குமாமே."

மாமா என்னைப் பெற்றோல் தாங்கியின் மேல் இருத்தினார். அம்மா பின்னால் ஏறினா. புறப்பட்டோம்.

எஞ்சின் அன்றைக்கு ஓடின மாதிரி அதற்கு முன் ஓடினதே இல்லை. வந்தாறுமூலை, மாவடிவேம்பு, ஒரு முனகல் இல்லை. மாமாவின் நாடியிலிருந்து வியர்வை என் உச்சந்தலையில் சொட்டியது. கோயிலடி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒழுங்கைக்குள் திரும்பினோம். சத்தம் இல்லை. கண்ணைத் திறந்தேன். கடப்படி வந்தது. கிணற்றடியில் யாரும் இல்லை. வண்டி அந்த வீட்டைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"தம்பி, நிப்பாட்டு" என்றா அம்மா.

"ஏன் அக்கா? ஒரு சத்தமும் இல்லயே."

"அதான் கேக்கிறன். சத்தம் வாற எடம் தாண்டிட்டே."

மாமா நிறுத்தினார். மூன்று பேரும் இறங்கி வண்டியை இருபது யார் தூரம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் கடப்படியில் நிறுத்தினோம். பழுதாகாத வண்டியை அப்படித் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அந்த ஒழுங்கையில் நாங்களாகத்தான் இருப்போம்.

பெரியவர்கள் பாயில் இருந்து வெற்றிலை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வர வேண்டும். மாப்பிள்ளையின் அக்கா தானாகப் போய்ப் பெண் கேட்டால் ஊர் சிரிக்கும். அம்மா அதை மறக்கவில்லை.

"நான் ஒண்டும் கேக்க வரல்ல" என்றா அந்த அக்காவின் தகப்பனிடம். "எங்கட வண்டி கிழமைக்குக் கிழமை உங்கட கடப்படியில நிக்குது. போற வாற சனத்துக்கு இடைஞ்சல். சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்த."

அவர் வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்துக்குள் ஒதுக்கினார். "இடைஞ்சல்தான்" என்றார்.

"வெளியில நிண்டா நாலு பேர் நாலு விதமாக் கதைப்பாங்க."

"கதைக்கிறாங்கதான்." துப்பிவிட்டு வந்தார். "உள்ளுக்கு எடுத்து விடுறதுக்கு எங்களிட்ட இடம் இரிக்கி. ஆனா நாங்க வந்து பாத்துப் பேசித்தானே எடுக்கோணும்."

"அதுதானே முறை. ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள்."

மாமா தூணைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தது. எனக்கோ விளங்கியது வேறு. அம்மா வண்டியை விற்கிறா! போளை கிடக்கிற எஞ்சினை, எனக்குக் கொக்கிசு தந்த மனிதரின் தலையில் கட்டுகிறா! மெல்ல எழும்பிப் பின்பக்கம் போனேன். அந்த அக்கா குசினி வாசலில் ஒதுங்கி நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தா.

"அக்கா, வாங்காதீங்க. அதுக்குள்ள இன்னும் போளை இரிக்கி. திரும்பவும் தட்டும்."

அந்த அக்கா குனிந்து என் கன்னத்தைப் பிடித்தா. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தா. "தட்டினாத் தட்டட்டும். எனக்கு அந்தச் சத்தம் பழகிட்டு" என்றா.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பலகாரத் தட்டுகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வண்டியை யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. ஆவணியில் கல்யாணம். மாமா முறைப்படி சித்தாண்டிக்குக் குடிபோனார், மோட்டார் சைக்கிளும் கூடப் போனது. அந்த அக்கா எனக்கு மாமி ஆனா. எஞ்சின் அதற்குப் பிறகு ஒருநாளும் தட்டவில்லை. முருகன் மொட்டையை ஏற்றுக்கொண்டு போளையை எடுத்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் மொட்டையைக் கொடுத்துவிட்டேன். மாமாவுடையதை அவர் சம்மதிக்காததால் கொடுக்கவில்லை, பின்னாளில் முருகனே எடுத்துக்கொண்டார்.

மாமா கள்ளத்தனமாக அந்தக் கிணற்றடியில் நின்றார் என்பது எனக்குப் பதினாறு வயதிலேயே விளங்கிவிட்டது. அவ்வளவு மட்டி இல்லை நான். ஆனால் சத்தம்? அது நான் என் காதால் கேட்ட சத்தம். ஆகவே போளை விழுந்தது உண்மை, மாமா அதைச் சாட்டாக வைத்து நின்றார் என்று இரண்டையும் பொருத்திவைத்து, மனிதனாகி, பட்டம் எடுத்து, பிள்ளைகளுக்கு உராய்வும் உந்தமும் படிப்பித்து வந்தேன். கண்ணாடிப் போளை ஒரு எஞ்சினுக்குள் இரண்டு நிமிஷம் தாங்காது என்று என் மாணவன் எவனும் சொல்லுவான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் சித்தாண்டிக்குப் போயிருந்தேன். வண்டி இன்னும் இருக்கிறது, கோழி ஏறாமல் சீலை போட்டு மூடி வைத்திருக்கிறார். மாமாவுக்கு முழங்கால் ஏலாது. "நீ ஒருக்கா உதைச்சு ஓடிட்டு வா, ஒயில் ஊறட்டும்" என்றார். அந்த வண்டியை நான் ஓட்டுவது அதுதான் முதல்தரம். ஒழுங்கை முனைவரைக்கும் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். இடது கைப்பிடியில் விரல் நீளத்தில் ஒரு இரும்புக் காது நீட்டிக்கொண்டிருந்தது. இது எதற்கு என்று பெருவிரலால் தள்ளினேன்.

டக். டக்டக். டக்டக்டக்.

ஐம்பத்தொரு வயது விஞ்ஞான ஆசிரியர் பிறேக்கைப் பிடித்துக் குதித்து இறங்கி, வேலி ஓரம் போய் நின்றுகொண்டார். கடப்படியில் கதிரை போட்டு இருந்த மாமா, மூச்சு எடுக்க முடியாமல் சிரித்தார். பிறகு இருமி இருமிச் சொன்னார்.

பழைய வண்டிகளில் எஞ்சினுக்குள் தீப்பொறி எப்போது அடிக்க வேண்டும் என்பதைக் கையால்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த இரும்புக் காது. மெதுவாகப் போகும்போது அதை முழுக்கத் தள்ளினால் பொறி முந்தி அடிக்கும், எஞ்சின் தட்டும், அதற்குப் போளை தேவையே இல்லை. முதல் வெள்ளிக்கிழமை மாமா தெரியாமல் தள்ளிவிட்டார். மற்ற வெள்ளிக்கிழமைகளில் கோயிலடி தாண்டியதும் தெரிந்தே தள்ளினார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஒவ்வொரு வெள்ளியும் மாமி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாவாம்.